பீர் பிரியருக்கு என்ன பரிசு வாங்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிறந்தநாள், திருமண நாள், புத்தாண்டு என்று காரணம் மாறினாலும் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: பீர் பிடித்தவருக்கு என்ன வாங்கித் தருவது? அண்மையில் வந்தவற்றில் ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கணவருக்கு 40-வது பிறந்தநாள் வருகிறது. ஜெர்மன் கோதுமை பீர் என்றால் அவருக்கு உயிர். பெயர் பொறித்த பெரிய மக் வாங்கலாமா? (வாசகி, லண்டன்)

பெயர் பொறித்த மக் ஷோகேஸில் அழகாக இருக்கும். ஆனால் அவர் குடிப்பது கோதுமை பீர் என்று தெரிந்த பிறகு எனக்குத் தோன்றுவது வைசன் கிளாஸ்தான். ஜெர்மனியின் பவேரியாவில் வைஸ்பியர் என்ற கோதுமை பீரை ஊற்றிக் கொடுக்கும் அரை லிட்டர் கிளாஸ் அது. அடியில் ஒல்லியாக, மேலே போகப் போக அகன்று, வாயருகே லேசாக உள்வாங்கியிருக்கும். இந்த பீர் ரொம்ப நுரைக்கும், நுரை நிற்க மேலே இடம் வேண்டும். இதன் ஈஸ்ட் தரும் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் அந்தக் குறுகிய வாயில் தங்கி மூக்குக்கு வரும்.

ஊற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. கிளாஸைக் குளிர்ந்த நீரில் அலசி, சாய்த்துப் பிடித்து, ஓரமாக மெல்ல ஊற்ற வேண்டும். பாட்டிலின் அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, பாட்டிலைச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்டைக் கலக்கி மேலே ஊற்றினால் பீர் கலங்கிய பொன்னிறத்துக்கு வரும்.

ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள், நீங்களும் கூட உட்காரலாம். கூடவே புது ஸ்பாஞ்ச் ஒன்றும் வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மீன்குழம்புச் சட்டி தேய்த்த அதே ஸ்பாஞ்சில் பீர் கிளாஸைக் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொள்ளும், நுரை நிமிடத்தில் இறங்கிவிடும். சோதிக்க வேண்டுமா? கிளாஸின் உட்புறத்தை நனைத்துக் கொஞ்சம் தூள் உப்பைத் தூவுங்கள். உப்பு ஒட்டாத இடத்தில் பிசுக்கு இருக்கிறது. கழுவிய கிளாஸைத் துணியால் துடைக்காமல் கவிழ்த்து வைத்துக் காயவிடுங்கள். எந்த விலையுயர்ந்த கருவியையும்விட இந்தச் சுத்தம்தான் பீரின் ருசியைக் காப்பாற்றும் என்று உறுதியாகச் சொல்வேன்.

சென்னை வெயிலுக்கு ஃப்ரீசரில் வைக்கும் மக் நல்ல பரிசுதானே?

வேண்டாம். மக்கில் படிந்த பனி உருகி பீரில்தான் கலக்கும். அதோடு, சில்லிப்பு அளவு மீறினால் நாக்கு மரத்துப்போய் வாசனையும் ருசியும் தெரியாது. குளிரில் நொதிக்க வைக்கும் லாகர் வகை பீருக்கு 4 முதல் 7 டிகிரி செல்சியஸ் போதும். ஸ்டவுட் போன்ற கறுப்பு பீருக்கு 10 டிகிரிக்கு மேலே போனாலும் நல்லதுதான்.

சென்னையில் இன்னொரு சங்கடம் புழுக்கம். குளிர்ந்த கேனின் மேல் துளித்துளியாக வியர்க்கிறதே, காற்றிலுள்ள நீராவி அப்படித் தண்ணீராக மாறும்போது தன் சூட்டைக் கேனுக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் கேனுக்குப் போடும் நியோப்ரீன் (ரப்பர் போன்ற பொருள்) உறை பார்க்க அற்பமாக இருந்தாலும் நிஜமாகவே உதவும். விருந்துக்கு அவசரமாகக் குளிர வைக்க, ஒரு வாளியில் ஐஸ், தண்ணீர், இரண்டு கை கல்லுப்பு போட்டு பாட்டில்களை அமுக்குங்கள். கால் மணி நேரத்தில் குளிர்ந்துவிடும்.

மகன் வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பார்க்க ஆசைப்படுகிறான். கிட் வாங்கித் தரலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

தாராளமாக. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர், சொந்த உபயோகத்துக்கு, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சலாம். விற்கக் கூடாது. (கோவையிலிருந்தும் இதையே ஒருவர் கேட்டிருந்தார். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்ச முடியாது. அவர் வேறு பரிசு பார்ப்பது நல்லது.)

பெட்டிக்குள் நொதிக்க வைக்கும் வாளி, காற்றை வெளியே மட்டும் விடும் ஏர்லாக், கிருமிநீக்கி, ஹைட்ரோமீட்டர் நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஈஸ்டைத் தனியாக வாங்குங்கள். லாகரைவிடச் சூடான இடத்தில் நொதிக்கும் ஏல் வகை பீருக்கான சாதாரண ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். உங்கள் வீட்டில் 30 டிகிரி இருக்கும்போது அதைப் போட்டால் பீரில் காட்டமான சாராய நெடி ஏறிவிடும். நார்வே கிராமத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காய வைத்துப் பாதுகாத்து வந்த 'குவெய்க்' என்ற ஈஸ்ட் 30 டிகிரியைத் தாண்டிய சூட்டிலும் சுத்தமாக நொதிக்கும். உங்கள் ஊர் வெப்பத்துக்கு அதுதான் சரி.

ஹைட்ரோமீட்டரை மட்டும் ஒதுக்கி வைக்க விடாதீர்கள். அது திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஒரு கண்ணாடி மிதவை; சர்க்கரை நொதித்துக் குறையக் குறைய அளவு இறங்கும். தொடக்கத்தில் 1.050 காட்டியது முடிவில் 1.010-க்கு இறங்கினால், பீரில் சுமார் 5 சதவீதம் ஆல்கஹால். அதைவிட முக்கியம், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பார்த்தும் அளவு மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சச் சர்க்கரை உள்ளேயே நொதித்து வாயு அழுத்தம் ஏறிவிடும். நான் முதல்முறை காய்ச்சியபோது ஏர்லாக்கில் குமிழி நின்றதை நம்பி அடைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து நள்ளிரவில் அலமாரிக்குள் ஒரு பாட்டில் வெடித்தது. கண்ணாடிச் சில்லு அரிசி டப்பா வரைக்கும் தெறித்திருந்தது. பகல் நேரமாக இருந்தால் யாராவது அங்கே நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது.

பார்களில் இருப்பதுபோல் வீட்டில் குழாயில் பீர் வரும் இயந்திரம் வாங்கலாமா?

முதலில் அதற்கான கெக் (பீர் அடைத்து வரும் சிறு பீப்பாய்) அவர் ஊரில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பெர்ஃபெக்ட் டிராஃப்ட் போன்ற இயந்திரத்துக்கு 6 லிட்டர் கெக், அதுவும் அதற்கென்றே வருவது வேண்டும். திறந்த பிறகு 30 நாள் தாங்கும். கூடிக் குடிக்க நண்பர்கள் உள்ள வீட்டுக்குச் சரி.

நண்பருக்காகப் பச்சை பாட்டில் பீர்களைக் கூடையில் அடுக்கி பால்கனியில் வைத்திருந்தேன். திறந்ததும் ஒரு நாற்றம். கெட்டுப்போனதா?

வெயில் பட்டதால் வந்த நாற்றம் அது. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து, கந்தக வாடையுள்ள ஒரு சேர்மமாக மாறுகிறது. நேர் வெயிலில் சில நிமிடங்களே போதும். பழுப்பு பாட்டில் பெரும்பாலும் தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ருசிதான் போய்விட்டது. அடுத்த முறை கேன் வாங்குங்கள். அதற்குள் வெளிச்சம் புகாது.

அப்பா குடியை விட்டு ஒரு வருடம் ஆகிறது. நண்பர்கள் ஆல்கஹால் இல்லாத பீர் பரிசளிக்கப் போகிறார்களாம். சரியா?

உங்கள் அப்பா ஒரு வருடம் தாக்குப்பிடித்திருக்கிறார் என்பதே பெரிய விஷயம். 'ஆல்கஹால் இல்லாதது' என்று விற்கப்படும் பல பீர்களில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். 0.0 என்று போட்டதே வாங்கினாலும், அந்த வாசனை, நுரை, மூடி திறக்கும் சத்தம் எல்லாமே பழைய ஆசையைக் கிளப்பிவிடக்கூடும். சிலருக்கு அது துணையாகவும் இருக்கிறது, சிலரை மறுபடி இழுத்துவிடுகிறது. அவர் எந்தப் பக்கம் என்பது அவருக்கும் அவருடைய மருத்துவருக்கும்தான் தெரியும். நண்பர்கள் வாங்குவதற்கு முன்பே, தனியாக இருக்கும் நேரம் பார்த்து அப்பாவிடம் கேளுங்கள். அவர் தயங்கினாலே போதும், நண்பர்களிடம் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மறுக்கும் சங்கடம் அவருக்கு வர வேண்டாம்.