3எஸ் பேட்டரி போட்டால் ஆம்பியர் குறையும் என்கிறார்களே, என் ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) காரில் மோட்டார் ஏன் முன்பைவிடச் சுடுகிறது?

பேட்டரியை 2எஸ்ஸிலிருந்து (இரண்டு செல், 7.4 வோல்ட்) 3எஸ்ஸுக்கு (மூன்று செல், 11.1 வோல்ட்) மாற்றியதாகச் சொல்கிறீர்கள், பினியனைப் பற்றி, அதாவது மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தைப் பற்றி, ஒரு வார்த்தை இல்லை. அதைத் தொடவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

வோல்டேஜ் ஏறினால் ஆம்பியர் இறங்கும் என்பது வேலை அதே அளவாக இருந்தால் மட்டுமே சரி. 300 வாட்டுக்கு 7.4 வோல்ட்டில் ஏறக்குறைய 40 ஆம்பியர், 11.1 வோல்ட்டில் 27. ஆனால் உங்கள் மோட்டாரை 300 வாட்டோடு நிற்கச் சொன்னது யார்? கொடுத்த வோல்டேஜுக்குத் தக்கபடி சுற்றத்தான் அதற்குத் தெரியும். 3000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3000 சுற்று) மோட்டார், சுமை இல்லாமல், 2எஸ்ஸில் நிமிடத்துக்கு 22,200 சுற்று, 3எஸ்ஸில் 33,300. கியர் அப்படியே இருந்தால் கார் ஒன்றரை மடங்கு வேகத்துக்குப் பாயப் பார்க்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் அது இரண்டேகால் மடங்காகிவிடும். கிளம்பும் நொடி இன்னும் மோசம். சக்கரம் சுற்றாதபோது மோட்டாருக்குள் எதிர் மின்னழுத்தம் (சுற்றும் மோட்டார் தானே உண்டாக்கி, வரும் கரண்டைத் தடுக்கும் வோல்டேஜ்) இருக்காது. டிரிக்கரை முழுக்க இழுத்தால் கரண்டைத் தடுப்பது கம்பிகளின் சொற்ப மின்தடையும் இஎஸ்சியின் (மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கருவி) கட்டுப்பாடும்தான்.

மோட்டார் எவ்வளவு முறுக்குகிறதோ அவ்வளவு ஆம்பியர் இழுக்கும். பெரிய பினியன் போட்டு ஓட்டுவது, செம்பனைக் குலை ஏற்றிய லோரியை நாலாம் கியரில் மேடு ஏற்றுவது மாதிரி. அதனால் 2எஸ்ஸில் 20 பல் பினியன் ஓடிய காருக்கு 3எஸ்ஸில் 13 அல்லது 14 பல் போடுங்கள். வேகம் பழையபடியே இருக்கும், மோட்டார் முறுக்க வேண்டியது மூன்றில் இரண்டு பங்காகும், ஆம்பியரும் அப்படியே. கம்பிச் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பாதிக்கும் கீழே போய்விடும். 3எஸ்ஸின் உண்மையான லாபம் இதுதான். வேகமும் வேண்டும், சூடும் கூடாது என்றால் நடக்காது.

இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துத் திடலில் ஓட்டும் தம்பிகளுக்கு இன்னும் ஒரு பல் குறைக்கச் சொல்வேன். புல் சும்மா விடாது, மழை பெய்த செம்மண் அதைவிட மோசம். மத்தியானம் 33 பாகை வெயிலில் மோட்டார் ஓடும் முன்பே பாதி காய்ந்திருக்கும். தார் ரோட்டில் பார்த்த கணக்கு புல்லில் செல்லாது. பெரிய டயர் மாட்டினாலும் பினியனைப் பெரிதாக்கிய கதைதான், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் இஎஸ்சி 3எஸ் தாங்குமா, மோட்டாரின் அதிகபட்சச் சுற்று எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். பேட்டரி மேல் 5000 எம்ஏஎச் (5 ஆம்பியர்-மணி கொள்ளளவு), 50சி (அந்த 5-இன் 50 மடங்கு ஆம்பியர் தரும்) என்று இருந்தால் கணக்குப்படி 250 ஆம்பியர். நான் அதை அப்படியே நம்புவதில்லை. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டார் உறையின் சூட்டை அளந்து பாருங்கள், 80 பாகையை நெருங்கினால் இன்னொரு பல் குறையுங்கள். பினியனை மாட்டும்போது அதன் பல்லுக்கும் அது சுற்றும் பெரிய பல்சக்கரத்தின் பல்லுக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்து இறுக்கிவிட்டு அப்புறம் உருவி எடுங்கள். பற்கள் நெருக்கினால் அதற்கும் ஆம்பியர் போகும்.