நகராமல் நிற்பதற்கென்றே கட்டிய கப்பல்

அன்புள்ள ஐயா,

கலங்கரை விளக்கம் கட்ட முடியாத இடத்தில் விளக்கோடு நின்று மற்ற கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்குக் கப்பல்கள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஒரே இடத்தில் நங்கூரமிட்டு நிற்கப்போகும் கப்பல்தானே? ஏதாவது ஒரு பழைய கப்பலில் விளக்கை ஏற்றினால் போதாதா? அவற்றைக் கட்டிய கப்பல் கட்டும் தளங்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

தொடக்கத்தில் அப்படியும் செய்தார்கள். 1807இல் ஸ்காட்லாந்தின் பெல் ராக் பாறைக்கு அருகே ராபர்ட் ஸ்டீவன்சன் நிறுத்தியது ஒரு பழைய மீன்பிடிக் கப்பல். அதற்காக அவர் வடிவமைத்த காளான் நங்கூரம் பிறகு பல நாட்டு விளக்குக் கப்பல்களுக்கும் போயிற்று. குடையைக் கவிழ்த்ததுபோல மணலில் புதைந்துகொள்ளும். கப்பல் எந்தப் பக்கம் சுழன்றாலும் பிடி விடாது.

நங்கூரம் பிடித்தால் மட்டும் போதாதே. புயல் வந்தால் மற்ற கப்பல்கள் கரை தேடி ஓடலாம். இது ஓடக்கூடாது, அன்றைக்குத்தான் அதன் வெளிச்சம் தேவை. 1913 நவம்பர் புயலில் வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் நின்ற 82ஆம் எண் விளக்குக் கப்பல் ஆறு பேரோடு மூழ்கியது. கட்டி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த ஆறு பேரை நினைக்காமல் இந்தக் கப்பல்களைப் பற்றி என்னால் எழுத முடிவதில்லை.

அமெரிக்க விளக்குக் கப்பலின் படம் கிடைத்தால் அணியத்தை, அதாவது முன்முனையை, பாருங்கள். மற்ற கப்பல்களில் பக்கவாட்டில் இறங்கும் நங்கூரச் சங்கிலி, இதில் முனையின் நடுவிலேயே துளை வழியாக இறங்கும். அலையை எப்போதும் நேருக்கு நேர் வாங்குவதற்காக. இதையெல்லாம் பழைய கப்பலில் ஒட்டுப்போட்டுக் கொண்டுவர முடியாது.

தளங்களைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் நான்டக்கெட், அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள தீவுப் பகுதி. 1934 மே 15, அடர்ந்த மூடுபனி. அங்கே நின்ற 117ஆம் எண் கப்பலின் ரேடியோ சமிக்ஞையைக் குறியாக வைத்து வந்த பிரிட்டன் பயணிகள் கப்பல் ஒலிம்பிக், டைட்டானிக்கின் உடன்பிறப்பு, அதன் மேலேயே ஏறியது. பதினொரு பேரில் ஏழு பேர் இறந்தார்கள். வழிகாட்டிய சமிக்ஞையே எமனாக வந்தது.

மூழ்கிய விளக்குக் கப்பலுக்குப் பதிலாக ஒன்று கட்ட பிரிட்டன் பணம் கொடுத்தது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் பியூசி அண்ட் ஜோன்ஸ் தளம் 1936இல் அதைக் கட்டி முடித்தது: 112ஆம் எண், கிட்டத்தட்ட 149 அடி நீளம், ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை வெளிச்சுவர், நீர்புகா அறைகள் பல. இடி வாங்கினாலும் உள்ளே இருப்பவர்கள் மேல்தளத்துக்கு ஏறித் தப்பப் பல வழிகள். முந்தைய கப்பலில் செத்தவர்களை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு தகட்டையும் பூட்டியிருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

அந்தத் தளம் 1959இல் மூடப்பட்டது. கப்பல் 1975 வரை கடலில் நின்றது. இப்போது பாஸ்டன் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக மிதக்கிறது.