விம் எடிட்டரைத் திறந்தால் உகாண்டா குழந்தைகளைப் பற்றி ஏன் வருகிறது?

விம் என்பது கணினியில் உரையும் நிரலும் எழுத, திருத்த உதவும் மென்பொருள். கோப்பு எதையும் கொடுக்காமல் அதைத் திறந்தால், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் வரி முகப்பில் தெரியும். அது விளம்பரம் இல்லை. விம்மை எழுதியவரின் வாழ்க்கையோடு ஒட்டிய விஷயம்.

பிராம் மூலேனார் நெதர்லாந்துக்காரர். யூனிக்ஸ் இயங்குதளத்தில் பழகிய விஐ எடிட்டர் தன் அமிகா கணினியில் இல்லையே என்று, 1988-ல் ஸ்டீவி என்ற இன்னொரு நிரலை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். 1991-ல் விம் வெளியே வந்தது.

அப்புறம்தான் உகாண்டா. 1994-ல் அங்குள்ள கிபாலே சிறுவர் மையத்தில் தண்ணீர், சுகாதார வேலைகளுக்கான பொறியாளராகத் தன்னார்வத்தில் வேலை செய்தார். எய்ட்ஸால் பெற்றோரை இழந்த பிள்ளைகள் நிறைந்த பகுதி அது. திரும்பி வந்து அவர்களுக்காக ஐசிசிஎஃப் ஹாலந்து என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். விம் பிடித்திருந்தால் எனக்கல்ல, அவர்களுக்குக் கொடுங்கள் என்பதே அவருடைய வேண்டுகோள். இதற்கு ‘சாரிட்டிவேர்’ என்று பெயர்.

கொடுத்தே ஆக வேண்டுமா? இல்லை. பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம். உரிமம் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தோடு ஒத்துப்போவதுதான். மூலேனார் 2023 ஆகஸ்டில் காலமானார். விம்மை இப்போது தன்னார்வலர்கள் கவனித்துக்கொள்கிறார்கள்.