இங்கிலாந்து வயலில் பார்த்தது எந்தக் கவுதாரி?

அறுவடை முடிந்த கோதுமை வயலிலிருந்து ஆரஞ்சு முகமுள்ள குண்டுப் பறவைகள் கூட்டமாகப் பறந்தன, செங்கால் கவுதாரியா என்று கேட்டிருக்கிறீர்கள். முகம் ஆரஞ்சு என்றால் சாம்பல் கவுதாரிதான். செங்காலுக்குத் தொண்டை வெள்ளை, அதைச் சுற்றிக் கறுப்பு வளையம், அலகும் காலும் நல்ல சிவப்பு. அடுத்த முறை வயிற்றையும் கவனியுங்கள். சாம்பல் கவுதாரிக்கு அங்கே குதிரை லாடம் போல அடர்பழுப்புத் திட்டு இருக்கும். பெட்டைக்கு அது சிறிதாகவோ இல்லாமலோ இருக்கலாம்.

நீங்கள் கொடுத்துவைத்தவர். பிரிட்டனில் 1970-களுக்குப் பிறகு இந்தப் பறவை 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. வேட்டைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் காரணம் குஞ்சுகளின் பசி. பொரித்த முதல் சில வாரங்கள் அவற்றுக்குப் பூச்சிதான் முக்கியத் தீனி. களைக்கொல்லி அடித்ததும் களையோடு அதில் வாழ்ந்த பூச்சிகளும் போய்விட்டன. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பறவை ஆய்வாளர் டிக் பாட்ஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்து இதைக் காட்டினார். வேலிப்புதர்களை அழித்ததில் கூடு வைக்க இடமும் குறைந்தது.

நாயை அவிழ்த்துவிடாமல் தள்ளி நின்றே பாருங்கள். நிலத்துக்காரரிடமும் தயங்காமல் சொல்லுங்கள். வயலோரத்தில் ஒரு பட்டையை மருந்தடிக்காமல் விட்டாலே குஞ்சுகளுக்குத் தீனி கிடைக்கும்.