டாக் போன்ற குடும்பக் கம்பெனியின் சொகுசு ஆற்றுக் கப்பலில் வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா? அவ்வளவு காசுக்குத் தகுமா?

சாதாரணமாக இந்த மாதிரிக் கேள்விகளைத் தாண்டிப் போய்விடுவேன். "அவ்வளவு காசுக்குத் தகுமா" என்பதைப் படித்ததும் நின்றுவிட்டேன். என் மச்சான் இதே கேள்வியை வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறான். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு மனையே வாங்கிப் போட்டிருக்கலாமாம். போனது அவனுடைய அப்பா அம்மா, செலவு எங்களுடையது. அதைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போகும் என்று பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

நீங்கள் விவரம் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் நீங்கள் வெளிநாட்டில், பெற்றோர் ஊரில், அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மா சைவம், உங்களுக்கு லீவு பத்து நாள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டாக் (Tauck) என்ற அந்த அமெரிக்கச் சுற்றுலாக் கம்பெனியில் நான் போனதில்லை. தேதி ஒத்துவரவில்லை. போனது வேறொரு கம்பெனி. பெயர் சொன்னால் விளம்பரம் என்பீர்கள், அதனால் வேண்டாம். டாக்கின் தலைமையகம் இருக்கும் வில்டன், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பலகையைப் பார்த்துப் பார்த்துத்தான் விசாரிக்கவே ஆரம்பித்தோம்.

1925-ல் ஆர்தர் டாக் என்பவர் வங்கிகளுக்கு அலுமினியத்தில் செய்த நாணயத் தட்டுகளை விற்றுக்கொண்டு காரில் ஊர் ஊராகச் சுற்றினார். போகிற வழிதான் தெரியுமே என்று நியூ இங்கிலாந்து பக்கம் ஆறு நாள் பயணத்துக்கு ஆள் கூட்டிப் போனார். தலைக்கு 69 டாலர், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து. இன்றைக்கும் அவர்கள் விற்பது அதைத்தான். முதலிலேயே ஒரு பெரிய தொகையை வாங்கிக்கொள்வார்கள், அப்புறம் டிப்ஸ் வரைக்கும் பையில் கை போக வேண்டியதில்லை. ஐரோப்பிய ஆறுகளில் 135 மீட்டர் நீளமுள்ள அவர்களுடைய பெரிய கப்பலில் 130 பேர். அதே நீளத்தில் வைக்கிங் என்ற இன்னொரு கம்பெனி 190 பேரை ஏற்றுகிறது. விலை வித்தியாசத்தில் பாதி அந்த அறுபது பேர்தான் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

குடும்பக் கம்பெனி என்றால் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. அண்ணன் தம்பி சண்டையில் மூடிய கடைகள் நம் ஊரில் எத்தனை! டாக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. ஆனால் ஆற்றுக் கப்பல்கள் சுவிட்சர்லாந்தின் சில்லா கம்பெனியுடையவை, கடலுக்குப் பிரான்ஸின் போனான் கப்பல்களை வாடகைக்கு எடுக்கிறார்கள். யூனிவேர்ல்ட் கப்பல்களை வைத்திருந்த டோல்மன் குடும்பம் தன் சுற்றுலாத் தொழிலை அப்போலோ என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்பதாக 2024-ல் அறிவித்தது. 1966-ல் சுற்றுலாப் பயணிகளை அண்டார்டிகாவுக்குக் கூட்டிப்போன லிண்ட்பிளாடின் மகன் தொடங்கிய கம்பெனி இன்று பங்குச் சந்தையில் இருக்கிறது. ஆக, குடும்பப் பெயரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

சும்மா கேட்கச் சொல்லவில்லை. 2022 ஆகஸ்டில் நாங்கள் நால்வர், நானும் மனைவியும் மாமாவும் அத்தையும், ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் கப்பல் ஏறினோம். மாமா ரயில்வேயில் 36 வருடம், விழுப்புரம் பக்கத்து ஸ்டேஷன்களில் ஸ்டேஷன் மாஸ்டர். மூன்று நாள் கோவில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னாலும் பார்க்காதவர், லாக்கைப் பார்த்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்குப் போய்விட்டார். லாக் என்பது கப்பலை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ மேலே கீழே கொண்டுபோகும் தொட்டி. நாங்கள் போன மெயின்-டான்யூப் கால்வாய் (மெயின், டான்யூப் என்ற இரண்டு ஆறுகளை இணைப்பது) 171 கிலோமீட்டர், 1992-ல் முடித்தது, மொத்தம் 16 லாக். சிலவற்றில் கப்பல் 25 மீட்டர் வரை ஏறுகிறது. லாக்கின் அகலம் 12 மீட்டர், கப்பல் பதினொன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கமும் சுவர் கையால் தொடும் தூரத்தில் ஈரமாக வழுக்கிக்கொண்டு போகும்.

"லைன் கிளியர் யார் கொடுக்கிறான்?" என்பது அவருடைய முதல் கேள்வி. ரயில்வேயில் லைன் கிளியர் என்றால் வண்டியை விடலாம் என்று அடுத்த ஸ்டேஷன் கொடுக்கும் அனுமதி. இரண்டாவது கேள்விதான் டூர் டைரக்டரையே யோசிக்க வைத்தது. கால்வாயின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 406 மீட்டர். அங்கிருந்து இரண்டு பக்கமும் இறக்கம் என்றால், ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருக்குமே, மேலே ஏது தண்ணீர்? அந்தப் பெண் கேப்டனிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். டான்யூபிலிருந்து பம்ப் வைத்து மேலே ஏற்றுகிறார்கள், போதாததற்கு லாக்கின் பக்கத்திலேயே தொட்டிகள் கட்டி, வெளியேறும் தண்ணீரில் பாதிக்கு மேல் பிடித்து வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். மாமா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு லாக்கிலும் நுழைந்த நேரம், வெளிவந்த நேரம், ராத்திரி ஒன்றரை மணிக்குக்கூட. தாழ்வான பாலம் வந்தால் மட்டும் எல்லாரையும் கீழே இறக்கிவிட்டு மாலுமி அறையையே தளத்துக்குள் இறக்குவார்கள். அப்போது முகம் சுண்டிப்போய் வருவார்.

டான்யூப் கரையில் இருக்கும் ரேகன்ஸ்பர்க் வந்ததும் கப்பல் நின்றது. அந்த வருட வறட்சியில் ஸ்ட்ராபிங்குக்கும் வில்ஸ்ஹோஃபெனுக்கும் நடுவே ஆழம் போதவில்லை. அந்த எழுபது கிலோமீட்டரில் அணை இல்லாததால் மழை இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாதாம். "தென்பெண்ணையில் தண்ணி இல்லேன்னா சரி, இங்கயுமா?" என்றார் அத்தை. மறுநாள் காலை பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொன்னார்கள். பஸ்ஸில் அந்தப் பகுதியைத் தாண்டிப் பாசாவ் போனோம். அங்கே அதே அச்சில் இன்னொரு கப்பல், அதே எண் அறை, பெட்டிகள் உள்ளே, அத்தையின் தயிர்க் கிண்ணத்துக்கும் ஊறுகாய்க்கும் அதே மேஜை. எதிர்ப்பக்கம் வந்தவர்கள் எங்கள் கப்பலுக்குப் போய்விட்டார்கள். எங்களோடு வந்த சிலர் கத்தினார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "வெள்ளத்தில் பாலம் போனால் நாங்களும் இப்படித்தான் செய்வோம். அந்தப் பக்கம் ஒரு வண்டி, இந்தப் பக்கம் ஒரு வண்டி, நடுவில் பஸ். இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை."

அந்தப் பெரிய தொகைக்கு எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு காலைதான் என்று சொல்வேன். மெத்தையும் ஷாம்பெயினும் எங்கும் கிடைக்கும், மாமா ஷாம்பெயின் குடிப்பதும் இல்லை. இரண்டாவது கப்பல் கைவசம் இல்லாத கம்பெனியாக இருந்திருந்தால் மீதி நாட்கள் பஸ்ஸிலும் ஓட்டலிலும் கழிந்திருக்கும், அத்தையின் முழங்கால் அதைத் தாங்கியிருக்காது. "காசு இருக்கிறவன் பேச்சு" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: இரண்டு சம்பளம், மூன்று வருடச் சேமிப்பு, பழைய கார் இன்னும் அதே பழைய கார்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கப்பலைவிடக் கஷ்டம் விசா. விசா அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே இரண்டு மாதம். சென்னையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் மாமாவின் ஓய்வூதியப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டிருக்கிறான். 36 வருடம் ஒரு வண்டியைக்கூடத் தவறான தடத்தில் விடாத மனிதரிடம். "என் வீட்டில் கொய்யா காய்த்திருக்கிறது, அதற்காகவாவது வருவேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவன் சிரிக்கவில்லையாம். எனக்கு இன்றும் அது ஆறவில்லை. பணம் நாங்கள் கட்டுவதாகக் கடிதம், வரி கட்டிய தாள், வீட்டுப் பத்திரம், எல்லாம் கொடுத்த பிறகும் அந்தக் கேள்வி எதற்கு?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சைவம் என்பதைப் பணம் கட்டும்போதே எழுத்தில் கொடுங்கள். படகுத்துறையில் சில சமயம் கப்பலோடு கப்பலை ஒட்டி நிறுத்துவார்கள், இன்னொரு கப்பலின் வழியாக ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலி இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் வேண்டாம்.

மாமா இப்போது ரைன் நதியின் வரைபடத்தை வாங்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். விசாவுக்கு மட்டும் என்னையே அவர் சார்பில் போய்விட்டு வரச் சொல்கிறார்.