யானைக்குத் தொண்டு செய்ய தாய்லாந்து போகலாமா?

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். மகள் விலங்கியல் பட்டப்படிப்பு முடித்திருக்கிறாள். தாய்லாந்தில் ஒரு யானைக் காப்பகத்தில் இரண்டு வாரம் தன்னார்வலராக வேலை செய்யப் போகிறேன் என்று நிற்கிறாள். ஏஜென்சி அனுப்பிய படங்களில் பிள்ளைகள் யானையை ஆற்றில் குளிப்பாட்டுகிறார்கள், குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வேலையும் செய்து, பணமும் நாமே கட்ட வேண்டுமாம். இது சேவையா, ஏமாற்றா? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: பணம் கேட்பதில் தப்பில்லை. தப்பு அந்தப் படங்களில்தான் இருக்கிறது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். வளர்ந்த யானை நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் தீனி தின்னும், 100 லிட்டருக்குமேல் தண்ணீர் குடிக்கும். பாகன் சம்பளம், மருத்துவர், நிலம் எல்லாம் தனி. 1989இல் தாய்லாந்து அரசு காட்டில் மரம் வெட்டுவதைத் தடை செய்தபோது, கட்டை இழுத்த யானைகளும் அவற்றின் பாகன்களும் பிழைப்பு இல்லாமல் நின்றார்கள். சுற்றுலாதான் கைகொடுத்தது. 2020இல் கொரோனா வந்து பயணிகள் நின்றதும், தீனிக்கு வழியில்லாமல் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளைப் பாகன்கள் சொந்த மலைக்கிராமங்களுக்கு நடத்தியே கூட்டிப்போனார்கள். ஆகவே கட்டணம் வாங்கும் காப்பகத்தைக் கொள்ளைக்காரன் என்று ஒதுக்க வேண்டாம். உங்கள் மகள் அங்கே போடப்போகும் இரண்டு வார உழைப்பைவிட அவள் கட்டுகிற தொகைதான் யானைக்கு உதவி. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் கணக்கு அதுதான். ஏஜென்சி நடுவில் வந்தால் அந்தத் தொகையில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும். காப்பகத்தின் சொந்தத் தளத்தில் நேரடியாகப் பதிவு செய்வதே மேல்.

இனி படங்களுக்கு வருவோம். தண்ணீரைக் கண்டால் யானை தானே இறங்கிக் குளிக்கும், தானே மண்ணை அள்ளிப் பூசிக்கொள்ளும். அதற்கு நம் வாளியும் பிரஷ்ஷும் வேண்டியதில்லை. முன்பின் தெரியாத பத்துப் பேர் சுற்றி நின்று தேய்க்கும்போது அது அசையாமல் நிற்கிறது என்றால், நிற்கும்படி எப்போதோ பழக்கியிருக்கிறார்கள். தாயிடமிருந்து பிரித்த குட்டியைக் குறுகலான மரச்சட்டத்துக்குள் கட்டிப்போட்டு, அடித்துப் பணியவைக்கும் வழக்கம் அங்கே உண்டு, 'பஜான்' என்பார்கள். நம் முகாம்களில் காட்டு யானையை அடைக்கும் கராலை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் பிடிபடும். அப்படிப் பழக்கிய யானைதான் காலையில் ஒரு வேன், மதியம் ஒரு வேன் என்று வருகிறவர்களுக்கெல்லாம் குளித்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

ஆபத்து மனிதருக்கும் உண்டு. 2025 ஜனவரியில் தாய்லாந்தின் கோ யாவ் யாய் தீவில், யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த 22 வயது ஸ்பெயின் மாணவி அதே யானை தாக்கி இறந்தார். குளிப்பாட்டும் இடத்தில் யானைக்கும் ஆளுக்கும் நடுவே எதுவும் இல்லை. வழுக்குப் பாறையும் முட்டளவுத் தண்ணீரும் இருக்கும்போது விலகி ஓடவும் முடியாது.

அதனால் ஒரே ஓர் அளவுகோல் போதும்: யானையிடமிருந்து உங்களை எவ்வளவு தள்ளி வைக்கிறார்களோ, அவ்வளவு நல்ல இடம். 'சரணாலயம்', 'மீட்பு மையம்' என்ற பெயர்ப்பலகைகளை நம்பாதீர்கள். சவாரி நடத்திய அதே முகாம்கள் பலகையை மட்டும் மாற்றிக்கொண்டதும் நடந்திருக்கிறது. சவாரி, ஓவியம் வரைதல், கால்பந்து இதெல்லாம் இருந்தால் பேச்சே வேண்டாம்.

பதிவு செய்யும் முன் மின்னஞ்சலில் சிலவற்றைக் கேளுங்கள். யானை எத்தனை, பாகன் எத்தனை? இரவில் சங்கிலியா, அடைப்பா? சங்கிலி என்றால் நீளம் எவ்வளவு, தரை மண்ணா சிமெண்டா? மருத்துவர் அங்கேயே தங்குகிறாரா? கடைசிக் கேள்விதான் முக்கியம்: கடந்த ஐந்து வருடத்தில் அங்கே பிறந்த குட்டிகள் எத்தனை? பெண் யானையின் கர்ப்பகாலம் 22 மாதம் வரை போகும், பிறந்த குட்டி இரண்டு வருடத்துக்குமேல் பால் குடிக்கும். எந்த மாதம் போனாலும் கொஞ்சுவதற்கு ஒரு சின்னக் குட்டி தயாராக இருக்கிறதென்றால், அங்கே குட்டி 'உற்பத்தி' நடக்கிறது, அல்லது வெளியிலிருந்து வாங்கி வருகிறார்கள். நேர்மையான இடம் இந்தக் கேள்விகளுக்கு எண்களோடு பதில் எழுதும். 'எங்கள் யானைகள் மகிழ்ச்சியாக இருக்கின்றன' என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

அவர்கள் போடும் வீடியோவையும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். நின்ற இடத்திலேயே தலையை ஆட்டி, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடம்பை மாற்றி மாற்றி அசைகிறதா? பாட்டுக்கு ஆடுகிறது என்று கோயில் யானையைக் காட்டிக் குழந்தைக்குச் சொல்வோமே, அதேதான். கட்டிப்போட்டுக் கட்டிப்போட்டு வந்த பழக்கம். மீட்டுக்கொண்டுவந்த யானையிடம் அது பல வருடம் போகாது என்பதால் ஒரு யானையை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. அங்குள்ள யானைகளில் பாதிக்குமேல் இப்படி அசைந்தால் யோசியுங்கள். அடுத்து கால். ஈரச் சிமெண்டில் நாள் முழுக்க நின்றால் நகம் வெடிக்கும், பாதம் புண்ணாகிச் சீழ் வைக்கும்.

நல்ல காப்பகத்தில் மகளுக்கு என்ன வேலை இருக்கும்? லாரியில் வரும் தர்பூசணியும் பூசணியும் இறக்க வேண்டும், பூச்சிமருந்தடித்த பழத்தோலைக் கழுவ வேண்டும், சோளத்தட்டை அறுக்க வேண்டும், வாழைத்தண்டு நறுக்க வேண்டும், லத்தி, அதாவது யானைச் சாணம், அள்ள வேண்டும். பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் லத்தி அள்ளுவதை மட்டமாக நினைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். ஓர் உருண்டையைப் பிட்டுப் பார்த்தால் அந்த யானையின் வாய் தெரியும். யானைக்கு ஆயுளில் ஆறு முறைதான் கடைவாய்ப்பல் முளைக்கும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் மெல்ல முடியாது. அப்போது லத்தியில் சோளத்தட்டை விரல் நீளத்துக்கு, நசுங்காமல் அப்படியே கிடக்கும். அதைப் பார்த்துச் சொன்னால்தான் அந்த யானைக்குத் தட்டையைப் பொடியாக நறுக்கவோ, சோறும் வாழைப்பழமும் பிசைந்து உருட்டித் தரவோ ஆரம்பிப்பார்கள். விலங்கியல் படித்தவளுக்கு இது குளிப்பாட்டுவதைவிடப் பெரிய பாடம்.

சியாங் மாய் நகருக்கு வடக்கே மே தேங் பள்ளத்தாக்கில் உள்ள எலிஃபன்ட் நேச்சர் பார்க் இந்த வகையில் பலருக்கும் தெரிந்த இடம். சவாரி கிடையாது, வருகிறவர்கள் குளிப்பாட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள், வாரக் கணக்கில் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள். போகிற மாதம் முக்கியம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிக்கும் புகையில் அந்தப் பக்கமே மூடிக்கிடக்கும். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் நினைக்கவே கூடாது. மழைக்காலக் கடைசியில் ஆறு பெருகும். 2024 அக்டோபர் வெள்ளத்தில் இந்தக் காப்பகத்திலேயே இரண்டு யானைகள் மூழ்கி இறந்தன. நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம்.

விசாவில் அசட்டை வேண்டாம். தாய்லாந்துச் சட்டப்படி சம்பளம் வாங்காத வேலையும் வேலைதான். சுற்றுலாப் பயணியாக உள்ளே போய், 'தன்னார்வலர்' என்று விமான நிலையத்தில் வாய்விட்டு மாட்டிக்கொள்வதற்கு முன், எந்த விசாவில் வர வேண்டும் என்று காப்பகத்திடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். தரையிறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் போலி. பயண இன்சூரன்ஸில் 'உடலுழைப்பு', 'விலங்குகளோடு வேலை' ஆகியவற்றுக்கு விலக்கு போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

டாக்டரிடம் டெட்டனஸ், ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு ஊசிகள் பற்றிக் கேளுங்கள். காப்பகங்களில் தெருநாய்களையும் வளர்ப்பதால் வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசியும் போட்டுக்கொள்ளலாம். காலில் புண்ணோடு ஆற்றிலோ சேற்றிலோ இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். முட்டளவு கம்பூட் எடுத்துப்போகட்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: காசநோய் மனிதரிடமிருந்து யானைக்குத் தொற்றும். இரண்டு வாரத்துக்குமேல் இருமல் இருந்தால் பரிசோதனை முடியும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் யானைக்குச் செய்யும் முதல் தொண்டு.

தாய்லாந்து செலவு கட்டுப்படியாகாது என்றால் இலங்கை இருக்கிறது. உடவளவையில் 1995இல் வனஜீவராசிகள் திணைக்களம் தொடங்கிய யானைக்குட்டிகள் இல்லம், தாயை இழந்த குட்டிகளை வளர்த்துக் காட்டிலேயே திரும்ப விடுகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுப்பதை மேடையில் நின்று பார்க்கலாம். தொட முடியாது, நாளைக்குக் காட்டில் வாழப்போகிற குட்டி மனிதவாசனைக்குப் பழகக்கூடாது. மின்னேரியாக் குளத்தங்கரையில் ஜூலை முதல் செப்டம்பர் வரை நூற்றுக்கணக்கில் காட்டு யானைகள் கூடும். கென்யா என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போட்டுச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். அது இல்லாமல் திரும்பினால் இங்கே இறங்கியதும் தனிமைப்படுத்துவார்கள்.

எங்கே போவதானாலும் அதற்குமுன் உங்கள் வீட்டுக்குக் கீழேயே ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம். காலை எட்டரையை ஒட்டியும் மாலை ஐந்தரையை ஒட்டியும் முதுமலையிலுள்ள தெப்பக்காடு யானை முகாமில் கவளம் கொடுப்பார்கள். கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, சோறு, வெல்லம், உப்பு, தாது உப்புக் கலவை சேர்த்து உருட்டுவது. ஒவ்வொரு யானைக்கும் மருத்துவர் எழுதிய அளவு தனி. மகள் அங்கே நின்று யானையைப் பார்க்காமல் பாகனின் கையைப் பார்க்கட்டும்: எந்தப் பக்கம் நிற்கிறார், கவளத்தை எப்படி ஊட்டுகிறார், எதற்குக் குரல் கொடுக்கிறார் என்று. ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஈரம் வழிந்திருந்தால் அது மதநீர். அந்தப் பக்கமே போகக்கூடாது. மசினகுடியில் ஜீப்காரர்கள் கூப்பிடும் 'நைட் சஃபாரி'க்கு மட்டும் ஏறிவிட வேண்டாம். அது சட்டவிரோதம், ஸ்பாட்லைட் கண்ணில் பட்ட யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மே மாதம் தென்மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் யானைக் கணக்கெடுப்பு மூன்று நாள் நடக்கும்: காட்டைத் துண்டுகளாகப் பிரித்து நேரில் எண்ணுவது ஒரு நாள், நேர்கோட்டில் நடந்து லத்திக் குவியலை எண்ணுவது ஒரு நாள், நீர்நிலையில் உட்கார்ந்து பார்ப்பது ஒரு நாள். 2024இல் தமிழ்நாட்டுக் கணக்கு 3,063. தன்னார்வலர் தேவைப்படுகிறதா என்று ஏப்ரலிலேயே ஊட்டியிலுள்ள முதுமலை கள இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். வேட்டைத் தடுப்புக் காவலரோடு அந்த மூன்று நாள் நடந்துவிட்டு வந்தபிறகும் அவளுக்குத் தாய்லாந்து ஆசை இருந்தால் தாராளமாக அனுப்பலாம்.

டிக்கெட் போடும்போது ஒன்று. பாங்காக்கில் விமான நிலையம் இரண்டு. சுவர்ணபூமியில் இறங்கி, சியாங் மாய் விமானத்தை டான் முவாங்கிலிருந்து போட்டுவிட்டால் நகரப் போக்குவரத்தில் நொந்துபோவாள். இரண்டையும் ஒரே நிலையத்தில் போடுங்கள், முடியாவிட்டால் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள். திரும்பும்போது பெங்களூரில் இறங்குவதானால், மைசூரிலிருந்து ஊட்டிக்கு வரும் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடி காலை 6 மணிக்குத்தான் திறக்கும். மாலை விமானம் என்றால் அன்றைக்கு மைசூரிலேயே தங்கிவிட வேண்டியதுதான்.