எசெக்ஸ் கவுண்டியின் நீதிமன்றச் சுருள்கள்: கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தின் எசெக்ஸ் கவுண்டியில் பழைய உள்ளூர் வழக்குகளைத் தேட எங்கே தொடங்க வேண்டும்?

பதில்: காலாண்டு நீதிமன்றத்தில் தொடங்குங்கள். பெரும்பாலும் சட்டம் பயிலாத நிலக்கிழார்களான சமாதான நீதிபதிகள், ஆண்டுக்கு நான்கு முறை கூடி வழக்குகளை விசாரித்தார்கள். 1972 தொடக்கத்தில் கிரௌன் நீதிமன்றம் வந்த பிறகே அந்த முறை மறைந்தது. எசெக்ஸின் சுருள்கள், அதாவது ஒவ்வோர் அமர்வின் ஆவணங்களையும் சேர்த்துச் சுருட்டிய கட்டுகள், 1556 முதல் கிடைக்கின்றன. செம்ஸ்ஃபோர்டில் உள்ள கவுண்டி ஆவணக் காப்பகத்தில் அவற்றைப் பார்க்கலாம். கொலை போன்ற பெருங்குற்றங்கள், அரச நீதிபதிகள் கவுண்டிதோறும் வந்து நடத்திய அசைஸ் நீதிமன்றத்துக்குப் போயின; அந்த ஆவணங்களுக்கு நீங்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

கேள்வி: நான் பார்த்த குற்றச்சாட்டு ஓலையில் தீர்ப்பே இல்லையே?

பதில்: பின்புறத்தைப் பார்த்தீர்களா? வழக்கை விசாரணைக்கு ஏற்கலாம் என்று கிராண்ட் ஜூரி, அதாவது விசாரணைக்கு முன் ஆதாரத்தைப் பார்க்கும் குழு, கருதினால் 'பில்லா வெரா', அதாவது உண்மையான குற்றச்சாட்டு, என்று பின்புறத்தில் எழுதப்படும். ஆதாரம் போதாதென்றால் 'இக்னோராமஸ்', அதாவது 'நாங்கள் அறியோம்', என்ற ஒற்றைச் சொல்லோடு வழக்கு முடிந்துவிடும். முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு விடுவிக்கப்பட்டவரைக் குற்றவாளியாக்கிய குடும்ப வரலாறுகள் உண்டு.

கேள்வி: திருடிய துணியின் மதிப்பு 10 பென்ஸ் என்றிருக்கிறது. துணி அவ்வளவு மலிவா?

பதில்: இல்லை. திருடிய பொருளின் மதிப்பு 12 பென்ஸைத் தாண்டினால் அது பெருந்திருட்டு. சட்டப்படி அதற்குத் தூக்குத் தண்டனை விதிக்கலாம். ஆகவே, ஓர் உயிரைக் காப்பாற்ற எண்ணிய ஜூரிகளும் வழக்குத் தொடுத்தவர்களும் தெரிந்தே மதிப்பைக் குறைத்தார்கள். இந்தப் பாகுபாடு 1827இல் நீக்கப்படும்வரை, இத்தகைய எண்களை வைத்து விலைவாசி வரலாறு எழுதுவது ஆபத்து. குற்றம் சாட்டப்பட்டவரின் ஊரையும் தொழிலையும்கூட அப்படியே நம்பாதீர்கள். குற்றம் நடந்த ஊரையே அவருடைய ஊராக எழுதிவிடுவது எழுத்தர்களின் வழக்கம். நீதிமன்றத்துக்கு வருவதாக உறுதியளிக்கும் பிணைப்பத்திரங்களோடு ஒப்பிட்டால் உண்மையான ஊர் பல நேரம் தெரியவரும்.

கேள்வி: லத்தீன் தெரியாமல் படிக்க இயலுமா?

பதில்: 1733 மார்ச்சுக்குப் பிறகு எல்லாம் ஆங்கிலம். அதற்கு முன்னரும் சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. சுவையான பகுதியும் அதுதான்.

கேள்வி: ஒரு வழக்கு 1700 ஜனவரி என்றும், அதற்கு முன் நடந்த சம்பவம் 1700 அக்டோபர் என்றும் உள்ளது. எழுத்தரின் பிழையா?

பதில்: பிழையல்ல. 1752க்கு முன் இங்கிலாந்தின் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே அந்த ஜனவரி நம் கணக்கில் 1701. குறிப்பெடுக்கும்போது 1700/1 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: குற்றம் எதிலும் சிக்காத ஏழைகளைப் பற்றி ஏதும் கிடைக்குமா?

பதில்: நிறையவே கிடைக்கும். 1662ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உதவி தேவைப்படக்கூடிய ஏழையை அவருடைய சொந்தப் பாரிஷுக்கு (தேவாலயத்தை மையமாகக் கொண்ட உள்ளூர் வட்டாரத்துக்கு) திருப்பி அனுப்ப நீதிபதிகள் ஆணையிடலாம். பாரிஷ்கள் மேல்முறையீடு செய்தபோது அந்த வழக்கு காலாண்டு நீதிமன்றத்துக்கு வந்தது. மதுக்கடை உரிமம், பாலம் பழுதுபார்ப்பு ஆகியவையும் அதே நீதிபதிகளின் வேலை. 1888ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாலம், சாலை போன்ற நிர்வாகப் பொறுப்புகள் கவுண்டி கவுன்சில்களுக்குப் போயின. ஆகவே, 1889க்குப் பிந்தைய பாலக் கணக்குகளைக் கவுன்சில் ஆவணங்களில் தேடுங்கள்.